கட்டணம் பெரிதா? காலம் பெரிதா?

 

கடல் கடந்து பொருளீட்டச் செல்வது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று நம் முன்னோர்கள் சென்ற திசைகளின் பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலின் கடைசியில் அமெரிக்கா சேர்ந்திருக்கிறது. படித்த பிள்ளைகள் அங்கே வேலைக்குச் சென்று, பல ஆண்டுகள் காத்திருந்து, 'கிரீன் கார்டு' எனப்படும் நிரந்தர வசிப்பு அட்டையைப் பெறுகிறார்கள். அட்டை கைக்கு வந்து ஐந்தாண்டுகள் நிறைந்ததும் அடுத்த கேள்வி எழுகிறது. குடியுரிமைக்கு உடனே விண்ணப்பிப்பதா? அல்லது அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே காலத்தைக் கடத்துவதா?

நியூஜெர்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்பவன் என்ற முறையில், ஜும்ஆத் தொழுகைக்குப் பின் இந்தக் கேள்வியோடு என்னை அணுகும் இளைஞர்கள் பலர். அவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும் காக்கா?" என்பதே. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்தில் எந்தக் கட்டணமும் சிறிதன்று. ஆகவே அந்தக் கணக்கையே முதலில் பார்த்துவிடுவோம்.

கட்டணக் கணக்கு

2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, குடியுரிமை விண்ணப்பமாகிய என்-400 படிவத்தைத் தாளில் நிரப்பி அனுப்பினால் 760 டாலர். கணினி வழியே அனுப்பினால் 710 டாலர். கைரேகைக் கட்டணமும் இதிலேயே அடங்கும். குடியுரிமை கிடைத்தபின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு, முதன்முறை எடுக்கும் பெரியவர்களுக்கு 165 டாலர். தாய்நாட்டுக்கு வந்துபோக ஓ.சி.ஐ. அட்டைக்கு 275 டாலர். ஆக, ஒருவருக்கு 1,150 டாலர் ஆகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று பெறும் செலவும், முகவர் நிறுவனத்தின் சில்லறைக் கட்டணங்களும் தனி.

மறுபுறம், கிரீன் கார்டைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கக் கணினி வழியே 415 டாலர், தாள் வழியே 465 டாலர். வெறும் கட்டணத்தை மட்டும் தராசில் வைத்தால், அட்டையைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதே இலாபம் போலத் தோன்றும். 1,150 டாலரை ஈடுகட்ட இரண்டு முறை புதுப்பித்தாலும் போதாது. மூன்றாவது முறையும் வேண்டும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. பணத்தை மிச்சப்படுத்துவதற்காகக் குடியுரிமை வாங்குங்கள் என்று எவரேனும் சொன்னால் அவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்றே பொருள்.

எனினும் இரண்டு செய்திகளை நம்மவர்கள் பெரும்பாலும் அறியாதிருக்கிறார்கள். ஒன்று, வருமானம் குறைந்தோருக்கு உள்ள சலுகை. குடும்ப வருமானம் அரசு வகுத்த வறுமைக்கோட்டின் நான்கு மடங்குக்கு மிகாதிருந்தால் விண்ணப்பக் கட்டணம் 380 டாலர்தான். 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அந்த எல்லை 1,28,600 டாலர். கணவர் ஒருவரே சம்பாதிக்கும் நம் குடும்பங்கள் பல இந்த எல்லைக்குள் வந்துவிடும். வருமானம் வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்கு மிகாதோர் கட்டணத்தை முற்றிலும் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். இது பிச்சையன்று; சட்டம் தந்திருக்கும் வழி. மற்றொன்று, கிரீன் கார்டின் காலம் முடியும் தறுவாயில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால், அந்த ரசீதே அட்டையின் காலத்தை 24 மாதங்கள் நீட்டித்துத் தரும் என்று 2022 டிசம்பரில் விதி செய்திருக்கிறார்கள். ஒரே ஆண்டில் இரண்டு கட்டணங்களையும் கட்டவேண்டியதில்லை.

கட்டணத்தைக் கடன் அட்டையில் தேய்த்து, மாதந்தோறும் வட்டி செலுத்தும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஐந்தாண்டு என்பது 60 மாதங்கள். கிரீன் கார்டு கிடைத்த மாதத்திலிருந்து மாதம் 20 டாலரை எடுத்து வைத்தால், தகுதி வரும் நாளில் 1,200 டாலர் கையில் இருக்கும். ஹராமான வட்டியின் வாடையின்றி வேலை முடியும். எங்கள் வீட்டில் என் மனைவி ஒரு மாவுப் புட்டியில் அப்படித்தான் சேர்த்து வைத்தார்.

கட்டணம் காத்திருப்பதில்லை

'பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று ஒத்திவைப்பவர்கள், பிறகும் இதே கட்டணம்தான் இருக்கும் என்று எண்ணுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1998 வரை 95 டாலராக இருந்த விண்ணப்பக் கட்டணம் 1999 ஜனவரியில் 225 ஆயிற்று. 2007 ஜூலை இறுதியில் 330-லிருந்து ஒரே தாவலில் 595 ஆயிற்று. கைரேகைக்கு 80 டாலர் தனி. 2016 டிசம்பர் 23 முதல் கைரேகையும் சேர்த்து 725 டாலர். 2020-இல் அதை ஆயிரத்து நூறு டாலருக்கும் மேலே உயர்த்த அரசு ஆணையிட்டது. நடைமுறைக்கு வர மூன்று நாட்களே இருக்கையில் கூட்டாட்சி நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது.

2007-இல் நடந்ததைச் சற்று நினைவுகூர வேண்டும். கட்டணம் உயரப்போகிறது என்ற செய்தி பரவியதும் மக்கள் திரண்டு விண்ணப்பித்தார்கள். அந்த நிதியாண்டில் மட்டும் வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 14 இலட்சம். அலுவலகங்களில் கோப்புகள் மலையாகக் குவிந்தன. பலர் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். கட்டணம் உயரும் முன் கடைசி நாளில் ஓடுகிறவர், பணத்தை மிச்சப்படுத்தினாலும் காலத்தை இழக்கிறார்.

தேர்வும் அவ்வாறே மாறுகிறது. 2025 அக்டோபர் 20-க்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 10 கேட்பார்கள். 6 சரியாக இருந்தால் போதும். அந்நாள் முதல் விண்ணப்பிப்போருக்குப் பட்டியல் 128 கேள்விகளாகியிருக்கிறது. 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். படிக்கும் பிள்ளைகளுக்கு இது பொருட்டன்று. அடுக்களையிலேயே வாழ்நாளைக் கழித்த நம் தாய்மார்களுக்கு இது பெரிய வேறுபாடு.

'நிரந்தரம்' என்னும் சொல்

நிரந்தர வசிப்பு அட்டை என்ற பெயரில் உள்ள 'நிரந்தரம்' பலரை ஏமாற்றிவிடுகிறது. இவ்வுலகில் எதுவும் நிரந்தரமன்று என்று ஓதிப் படித்தவர்கள்கூட, அரசாங்கம் அச்சடித்த அட்டையில் அந்தச் சொல்லைக் கண்டதும் நம்பிவிடுகிறார்கள்.

நம் சமுதாயத்தின் அனுபவமே இதற்குச் சான்று. பர்மா 1948-இல் விடுதலை பெற்றபோது, அங்கே நெடுநாள் வாழ்ந்தவர்கள் குடியுரிமை கோரச் சட்டம் வழிவகுத்தது. நம்மவர்களில் மிகப் பலர் விண்ணப்பிக்கவில்லை. 'கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, யார் நம்மை என்ன செய்துவிடுவார்கள்?' என்றிருந்தார்கள். 1962-இல் இராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஈராண்டுகளில் கடைகள் அரசுடைமையாயின. இலட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னை பர்மா பஜாரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வரலாறு நினைவுக்கு வரும். மலேசியாவில் 1969-ஐ அடுத்து, குடியுரிமை பெறாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தபோது, அறுபதாயிரம் இந்தியர்கள் அளவில் நாடு திரும்பினர்.

என் வாப்பா அவர்கள் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் 27 ஆண்டுகள் இருந்தவர்கள். கடைசிவரை கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டைதான். அதுவும் 'நிரந்தரவாசி' அட்டையே. குடியுரிமை கேட்காததைப் பற்றி அவர்கள் வருந்தியதில்லை. அவர்களின் எண்ணமெல்லாம் ஊரிலே மௌத்தாகி, ஊர்ப் பள்ளிவாசல் மையவாடியிலே அடங்க வேண்டும் என்பதாகவே இருந்தது. அப்படி எண்ணுகிறவர்களுக்கு அது சரியான முடிவு. ஆனால் பிள்ளைகளை அந்நிய மண்ணிலே பெற்று, அங்கேயே படிக்கவைத்து, அங்கேயே நிக்காஹ் செய்துவைக்கப்போகும் நம் தலைமுறைக்கு அந்த முடிவு பொருந்துமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதக் கயிறு

'ஊர்ப் பாசம் இருக்கிறது; அதனால்தான் இந்தியப் பாஸ்போர்ட்டை விடவில்லை' என்று சொல்லும் சகோதரர்கள் பலர். அவர்கள் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். ஊரிலே நீண்ட நாள் தங்குவதற்குத் தடையாக இருப்பது கிரீன் கார்டேயன்றிக் குடியுரிமையன்று.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்தால், குடியுரிமைக்கான அவரது ஐந்தாண்டுத் தொடர்ச்சி அறுந்துவிட்டதாகச் சட்டம் கருதும். அறுபடவில்லை என்று நிறுவும் பொறுப்பு அவருடையது. ஓராண்டு ஆகிவிட்டால் தொடர்ச்சி அறுந்தேவிடும். திரும்பி வந்து நான்காண்டுகளும் ஒரு நாளும் கழித்தே மீண்டும் விண்ணப்பிக்க இயலும். முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி பெறாமல் ஓராண்டுக்கு மேல் தங்கினால் அட்டைக்கே ஆபத்து. இவையன்றி, அந்த ஐந்தாண்டில் 30 மாதங்களேனும் அமெரிக்க மண்ணில் இருந்திருக்கவும் வேண்டும்.

2013-இல் வாப்பா அவர்கள் நோயுற்றுப் படுத்தபோது எனக்குக் கிரீன் கார்டு கிடைத்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. ஐந்தரை மாதங்கள் அவர்களின் அருகிலே இருந்தேன். ஆறு மாதம் நெருங்கியதும் பயணம் சொல்ல வேண்டியதாயிற்று. "போயிட்டு வாங்க வாப்பா" என்றுதான் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளையும் 'வாப்பா' என்றழைப்பது வழக்கம். நான் நியூஜெர்சி வந்து சேர்ந்த மூன்றாம் வாரத்தில் அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அல்லாஹ்வின் ஏற்பாட்டை யாரும் மாற்ற முடியாது. அந்த நாளில் குடியுரிமை கேட்க எனக்குத் தகுதியும் இல்லை.

2016-இல் தகுதி வந்தது. அந்த நவம்பரில் 680 டாலர் செலுத்தி விண்ணப்பித்தேன்; மறுமாதமே அது 725 ஆயிற்று. மறு ஆண்டு குடிமகனானேன், ஓ.சி.ஐ. அட்டையும் பெற்றேன். 2022-இல் உம்மா படுக்கையில் விழுந்தபோது வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன். ஏழரை மாதங்கள் உம்மாவின் கட்டிலருகே இருந்தேன். நாள்காட்டியில் ஆறு மாதக் கோட்டை எண்ணாமல், மருந்து வேளைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். உம்மாவின் கடைசி நோன்பு மாதத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊட்டியதும், ஜனாஸாவைத் தோளில் சுமந்ததும் இறைவன் எனக்குத் தந்த பெரும் பேறு. 680 டாலருக்கு என்ன கிடைத்தது என்று எவரேனும் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பிள்ளைகளின் வயதே முதல் கடிகாரம்

காலத்தைத் தீர்மானிப்பதில் கட்டணத்தைவிட முக்கியமானது பிள்ளைகளின் வயது. 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, கிரீன் கார்டு பெற்றுப் பெற்றோரோடு அமெரிக்காவில் வாழும் பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்குள் தாயோ தந்தையோ ஒருவர் குடியுரிமை பெற்றுவிட்டால், அந்தப் பிள்ளையும் தானாகவே குடியுரிமை பெற்றுவிடும். தனி விண்ணப்பமும் தேர்வும் வேண்டியதில்லை.

இதன் கட்டணப் பொருளைப் பாருங்கள். தந்தை ஒருவர் செலுத்தும் 710 டாலரில் இரண்டு மூன்று பிள்ளைகளும் குடிமக்களாகிவிடுகிறார்கள். சான்றாக அவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுத்தால் போதும். 16 வயதுக்குட்பட்டோருக்கு 135 டாலர். குடியுரிமைச் சான்றிதழ் தனியே கேட்டால் ஆயிரத்து முந்நூறு டாலருக்கு மேல் ஆகும். பெரும்பாலோருக்கு அது உடனடித் தேவையன்று. ஆனால் தந்தை தாமதித்துப் பிள்ளைக்கு 18 நிறைந்துவிட்டால், அந்தப் பிள்ளை தானே விண்ணப்பித்து, தானே கட்டணம் கட்டி, தானே தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பித்த நாள் கணக்கன்று. உறுதிமொழி எடுத்த நாளே கணக்கு. ஆகவே மகனுக்கோ மகளுக்கோ 16 வயது நடக்கிறதென்றால், 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்ற சொல்லுக்கே இடமில்லை.

ஐந்தாண்டு நிறைவதற்கு 90 நாட்கள் முன்பாகவே விண்ணப்பிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அமெரிக்கக் குடிமகனை மணந்து அவரோடு வாழ்பவருக்கு மூன்றாண்டுகளே போதும்.

இந்த முன்னேற்பாடு நமக்குக் கூடுதலாகத் தேவை. நம் பெயர்களைத் தாங்கிய விண்ணப்பங்கள் பின்னணி ஆய்வு என்ற பெயரில் நெடுங்காலம் நிறுத்திவைக்கப்படுகின்றன என்று 2017-இல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பொதுவழக்கே தொடரப்பட்டது. நேர்காணல் முடிந்து 120 நாட்களாகியும் முடிவு வராவிட்டால், மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடச் சட்டத்தில் வழி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இல்லத்தரசியை மறந்துவிடாதீர்கள்

கட்டணத்தை மிச்சப்படுத்தக் கணவர் மட்டும் விண்ணப்பித்து, மனைவியைக் கிரீன் கார்டிலேயே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. 'அவள் வீட்டில்தானே இருக்கிறாள், அவளுக்கெதற்கு?' என்பார்கள். கணவரின் மறைவுக்குப் பின் ஜனாஸாவோடு ஊருக்கு வந்த ஒரு சகோதரியை நான் அறிவேன். இத்தா நான்கு மாதங்களும் பத்து நாட்களும் முடிந்தன. பாகப்பிரிவினை, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு என்று அடுத்தடுத்து வேலைகள் நீண்டன. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மகனிடம் திரும்ப வேண்டும். இங்கேயும் வேலை முடியவில்லை. துக்கத்தின் நடுவே அவர் ஆறு மாதக் கணக்கை எண்ணிக்கொண்டிருந்தது காணச் சகிக்கவில்லை. இரண்டு கட்டணங்களை ஒரே ஆண்டில் கட்ட முடியாவிட்டால் முதலில் ஒருவரும், ஈராண்டு கழித்து மற்றவரும் விண்ணப்பியுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆனால் அந்த இரண்டாவது விண்ணப்பத்தை மறந்துவிடாதீர்கள்.

முதிய தாய்மார்களுக்குச் சட்டம் சில சலுகைகளைத் தந்திருக்கிறது. 50 வயதாகி, கிரீன் கார்டோடு 20 ஆண்டுகள் வாழ்ந்தவரும், 55 வயதாகி 15 ஆண்டுகள் வாழ்ந்தவரும் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதாகி 20 ஆண்டுகள் வாழ்ந்தவர் 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். கேட்கும் பத்தில் ஆறு சரியாக இருக்க வேண்டும். இத்தகையோர் விஷயத்தில் சில ஆண்டுகள் பொறுத்திருப்பதே நன்மையாக முடியலாம். தாமதம் எல்லாருக்கும் தீதன்று.

நாம் கைவிடுவது என்ன?

இந்திய அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்பவர் இந்தியக் குடிமகனாக இருப்பது அக்கணமே முடிகிறது. அதன்பின் பழைய பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது குற்றம். ஓ.சி.ஐ. அட்டையைச் சிலர் இரட்டைக் குடியுரிமை என்றே பேசுகிறார்கள். அது தவறு, அது வாழ்நாள் விசா. விரும்பிய காலம்வரை ஊரில் தங்கலாம், காவல் நிலையப் பதிவு வேண்டாம், வீடு வாங்கலாம். ஆனால் வாக்குரிமை இல்லை. அரசுப் பதவி இல்லை.

வயல் வாங்க முடியாதே என்று கவலைப்படுவோருக்கு ஒரு விளக்கம். வெளிநாட்டில் வாழும் இந்தியர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், விளைநிலம் வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடமளிப்பதில்லை. வாரிசுரிமையாக வருவதை இருவருமே பெறலாம். ஆகவே இவ்வகையில் புதிதாக இழப்பதற்கு ஒன்றுமில்லை.

நமக்கே உரிய இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, 2021 மார்ச் மாத அரசாணைப்படி, ஓ.சி.ஐ. அட்டையாளர்கள் தப்லீக் பணிகளில் ஈடுபட முன் அனுமதி பெற வேண்டும். விடுமுறையில் வந்து ஜமாஅத்தில் நாற்பது நாள் செல்லலாம் என்று எண்ணியிருப்போர் இதனை அறிந்திருப்பது நல்லது. மற்றொன்று, இந்திய ஹஜ் கமிட்டி வழியாகச் செல்ல இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். வயது முதிர்ந்த தாயை மஹ்ரமாக அழைத்துச் செல்ல ஒரே மகன்தான் இருக்கிறார் என்றால், அந்தக் கடமையை நிறைவேற்றியபின் குடியுரிமை மாறுவது பற்றி அவர் சிந்திக்கலாம். எங்கள் வீட்டில் காக்கா துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தபடியால், உம்மாவை அவர்களே ஹஜ்ஜுக்கு அழைத்துச் சென்றார்கள். குடும்பமாக உட்கார்ந்து மஷூரா செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒரு வீட்டின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே முடிவை எடுக்க வேண்டியதில்லை.

யார் பொறுத்திருக்க வேண்டும்?

விண்ணப்பம் அனுப்பினால் அரசு நம் கோப்பு முழுவதையும் புரட்டிப் பார்க்கும். எப்போதேனும் கைது நடந்திருந்தால், வரிக் கணக்கில் பாக்கி இருந்தால், நெடுநாள் வெளியே தங்கியிருந்தால், முன்பு கொடுத்த படிவங்களில் பிழை இருந்தால், முதலில் தகுதி பெற்ற வழக்கறிஞரைக் கண்டு பேசுங்கள். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் தரகர்களிடம் போகாதீர்கள். பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமை பின்னாளில் பறிக்கப்படலாம். இன்னும் சில ஆண்டுகளில் ஊருக்கே திரும்பிவிடுவது என்று உறுதியாக முடிவெடுத்தவர்களும், பிள்ளைகளை இந்திய அரசுப் பணிக்கு அனுப்ப எண்ணுகிறவர்களும் அவசரப்பட வேண்டியதில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்து, அமெரிக்க ஆவணங்களில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் எழுத்துகளோடு அவதிப்படுவோர் பலர். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுக்கும்போது தனிக் கட்டணமின்றிப் பெயரைச் சீர்செய்துகொள்ளலாம். ஆனால் ஊரில் உள்ள பத்திரங்களின் பெயரோடு அது ஒத்துப்போகுமா என்று முன்னதாகவே பாருங்கள்.

உறுதிமொழி

கடைசியாக ஒன்று. குடியுரிமை என்பது கடையில் பணம் கொடுத்து வாங்கும் சரக்கன்று. நீதிபதியின் முன்னோ அதிகாரியின் முன்னோ நின்று, பழைய நாட்டின்மீதுள்ள குடிமைப் பிணைப்பைத் துறந்து, புதிய நாட்டின் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சொல்கிறோம். வாக்குறுதியைக் காப்பது ஈமானின் அடையாளம் என்று மதரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயுதம் ஏந்துவது பற்றிய வாசகத்தை மார்க்க நம்பிக்கையின் அடிப்படையில் ஏற்க இயலாதவர்கள் விலக்குக் கேட்கலாம். ஆனால் உள்ளத்தில் ஒன்றும் நாவில் ஒன்றுமாக யாரும் அந்த மண்டபத்தில் நிற்க வேண்டாம். மனம் ஒப்பாதவர் கிரீன் கார்டோடு நேர்மையாக வாழ்வதே மேலானது.

ஆகவே, அன்புச் சகோதர சகோதரிகளே! "எவ்வளவு செலவாகும்?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பிள்ளைகளுக்கு என்ன வயது? ஊரில் பெற்றோர் எந்நிலையில் இருக்கிறார்கள்? ஹஜ் கடமை நிறைவேறியதா? மனைவியின் நிலை என்ன? நம் முதுமை எந்த மண்ணில்? இவற்றுக்கு விடை கண்டபின், இஸ்திகாராத் தொழுது, குடும்பத்தோடு கலந்து, விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் துறையின் கட்டணப் பட்டியலை மீண்டும் ஒருமுறை சரிபார்த்து, முடிவெடுங்கள். கட்டணத்தை மாதம் 20 டாலராகச் சேர்த்துவிடலாம். கடந்துபோன காலத்தை எந்தப் புட்டியிலும் சேர்க்க முடியாது.

எந்த மண்ணில் வாழ்ந்தாலும் அந்த மண்ணுக்கு நன்மை செய்பவர்களாகவும், பிறந்த மண்ணில் காத்திருக்கும் பெற்றோருக்குக் கண்குளிர்ச்சியாகவும் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.